கரிசல் மண்ணும் கடவுளின் விளையாட்டும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் வழியெங்கும் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த ஆண்டில், வாடிய பயிரின் அருகே நிற்கும் உழவர், "எல்லாம் ஆண்டவன் விளையாட்டு" என்று சொல்லித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடப்பதை நாம் கண்டிருக்கிறோம். அச்சொல் நம்பிக்கையின் மொழியா, கசப்பின் மொழியா? மனிதரின் கண்ணீரோடு விளையாடுபவனா இறைவன்? இந்து மெய்யியல் 'லீலை' என்றும், தமிழ் மரபு 'திருவிளையாடல்' என்றும் போற்றும் கருத்தின் உட்பொருள் யாது எனச் சிந்திப்பது நன்று.

குண்டாற்றங்கரையில் அமைந்த திருச்சுழி, சுந்தரர் பாடிய தலம். பாண்டிநாட்டின் பாடல்பெற்ற 14 தலங்களுள் ஒன்று. ஊழி வெள்ளம் சூழ்ந்தபோது சிவபெருமான் தம் சூலத்தால் நிலத்தைத் துளைக்க, வெள்ளம் சுழித்து உள்ளே இறங்கியதால் 'சுழியல்' என்னும் பெயர் வந்ததாகத் தலபுராணம் கூறும். தண்ணீருக்கு ஏங்கும் நிலம், தண்ணீரிடமிருந்து மீட்கப்பட்ட கதையைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கிறது!

இரமண மகரிஷி பிறந்ததும் இவ்வூரில்தான். 1879-ஆம் ஆண்டு திசம்பர் 30, திருவாதிரைத் திருவிழா. நடராசர் திருவுலா முடிந்து நள்ளிரவுக்குப்பின் கோயிலுக்குள் திரும்பிய வேளையில் அவர் பிறந்தார் என்பது அவரது வரலாறு. அந்த நடராசர் திருவுருவம் வெறும் கூத்தன்று. உடுக்கை படைத்தலையும், அமைந்த கை காத்தலையும், தீ அழித்தலையும், ஊன்றிய பாதம் மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் குறிப்பதாகச் சைவ சித்தாந்தம் விளக்கும். ஆட்டத்தின் முடிவான பொருள் அருளே.

இக்கேள்வியை மெய்யியலாரும் தவிர்க்கவில்லை. நிறைவே உருவான இறைவனுக்கு உலகைப் படைக்கவேண்டிய தேவை என்ன? பிரம்மசூத்திரம், 'அது லீலையே' என்கிறது. குறை ஏதுமில்லாத அரசன் விளையாடுவதையும், மூச்சு இயல்பாக ஓடுவதையும் சங்கரர் உவமையாகக் காட்டுகிறார். எனவே லீலை என்பது பொழுதுபோக்கன்று. தேவையோ கட்டாயமோ இன்றி நிறைவிலிருந்து பெருகும் செயல். 'அப்படியாயின் இறைவன் கொடியவன் ஆகானோ?' என்னும் ஐயத்தை அடுத்த சூத்திரமே எடுத்துக்கொண்டு, உயிர்களின் வினைக்கேற்பவே இன்பதுன்பங்கள் அமைகின்றன என்று விடை பகர்கிறது.

சிவஞான சித்தியார் இயற்றிய அருணந்தி சிவாசாரியார் மேலும் ஒருபடி செல்கிறார். ஐந்தொழிலை இறைவனின் விளையாட்டு என்று சொல்லலாம்; உயிர்களுக்கு உலக நுகர்வையும் வீடுபேற்றையும் வழங்கி, அவற்றைப் பற்றிய மலங்களைத் துடைக்கும் அருட்செயல் என்றும் சொல்லலாம் என்பது அவர் கருத்து. இறைவனுக்கு எளிதாதலால் விளையாட்டு; உயிருக்குப் பயன் தருவதால் அருள்.

இக்கருத்துக்குத் தமிழ்மக்கள் தந்த உருவமே பரஞ்சோதி முனிவர் பாடிய 64 திருவிளையாடல்கள். அவற்றுள் 61-ஆவது, மண் சுமந்த கதை. வையை பெருகியபோது, கரையை அடைக்க வீட்டுக்கொரு பங்கு அளந்து விடப்பட்டது. பிட்டு விற்றுப் பிழைத்த கிழவி வந்திக்கோ ஆள் இல்லை. உதிர்ந்த பிட்டைக் கூலியாகக் கொண்டு கூலியாளாய் வந்தார் இறைவன். ஆடினார், பாடினார், உறங்கினார். சினந்த பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அரசன்மீதும் அனைத்துயிர்கள்மீதும் பட்டது!

இங்கே விளையாடும் இறைவன் மேலிருந்து வேடிக்கை பார்ப்பவரல்லர். ஏழையின் பங்கு மண்ணைத் தலையில் சுமப்பவர், அடியையும் வாங்கிக்கொள்பவர். எளியவர்மீது விழும் அடி எல்லார்மீதும் விழும் என்பதன்றோ இவ்விளையாட்டு உணர்த்தும் உண்மை?

இக்கதையில் நம் ஊர்களின் வரலாறும் உறைந்திருக்கிறது. கண்மாய்க் கரையை ஊரார் கூடிப் பேணிய குடிமராமத்தின் நிழலை நாம் அதில் காண்கிறோம். ஆங்கிலேயர் ஆட்சியில் நலிந்த அம்முறையின் பெயரால் 2017-இல் தமிழக அரசு மீண்டும் ஒரு திட்டம் தொடங்கிற்று. கரையைப் பேணாமல் விட்டுவிட்டு, கண்மாய் வற்றியபின் 'ஆண்டவன் விளையாட்டு' என்பது பக்தியாகாது. நம் தவற்றை அவர்மீது ஏற்றுவதே ஆகும்.

பிற சமயங்களிலுள்ள உண்மையையும் தூய்மையையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. நம் விவிலியத்திலும், நீதிமொழிகள் 8-ஆம் அதிகாரத்தில், படைப்பின் தொடக்கத்தில் ஞானம் கடவுள்முன் மகிழ்ந்து களித்திருப்பதையும் மானிடரோடு இருப்பதில் இன்பங்காண்பதையும் வாசிக்கிறோம். இரண்டும் ஒன்றே என்று நாம் கூறவில்லை. வினைக்கோட்பாடு அவர்களது; நமது நம்பிக்கையின் வழி வேறு. ஆயினும் படைப்பு கட்டாயத்தால் அன்று, மகிழ்வால் பிறந்தது என்னும் உணர்வில் நாம் அயலாராக நிற்கவில்லை.

அடுத்தமுறை அந்த உழவர் தம் சொல்லைச் சொல்லும்போது, நாம் தலையசைத்துக் கடந்துபோக வேண்டாம். வந்தியின் பங்கு இன்னும் அடைபடாமல் கிடக்கிறது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவரருகே சென்று நிற்போம்.