வாவியும் உலக உடன்படிக்கைகளும்

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் கிழக்கே எழுவான்கரை. மேற்கே வயல்கள் பரந்த படுவான்கரை. பாலமீன்மடு, பெரியகல்லாறு ஆகிய ஈரிடங்களில் அது கடலோடு கலக்கின்றது. கோடையில் இம்முகத்துவாரங்களை மணல் அடைத்துவிடும். மாரி வெள்ளம் பெருகும்போது மணலை வெட்டி நீரைக் கடலுக்கு விடுவர். வயல் மூழ்குவோன் விரைந்து வெட்டுமாறு கேட்பான். வாவியில் வலை வீசுவோன் பொறுக்கச் சொல்வான். இவ்வழக்கு நெடுங்காலம் மாவட்டத்தின் உள்விவகாரமாகவே இருந்தது. 1957ஆம் ஆண்டின் பெருவெள்ளமும் 1978 நவம்பரின் சூறாவளியும் நிவாரணத்துக்குரிய இடர்களாகவே கருதப்பட்டன. கடல்மட்ட உயர்வையும் மழையின் மாறுதலையும் ஒருங்கே நோக்கும் கொள்கை அரசிடம் அந்நாளில் இல்லை.

அக்கொள்கை பிறந்த வரலாறு பெரிதும் வெளியிலிருந்து வந்த ஒன்றாகும். 1992இல் றியோ டி ஜெனீரோவில் கையொப்பத்துக்குத் திறந்துவைக்கப்பட்ட ஐக்கிய நாடுகளின் காலநிலை மாற்றச் சமவாயத்தை இலங்கை 1993 நவம்பரில் ஏற்புறுதி செய்தது. வளர்முக நாடுகள் வாயு வெளியேற்றத்தை இவ்வளவு குறைத்தல் வேண்டுமென அச்சமவாயம் விதிக்கவில்லை. தேசிய நிகழ்ச்சித்திட்டம் வகுக்கவும் அறிக்கை அனுப்பவுமே கேட்டது. ஆயினும் அறிக்கை எழுதுதல் சிறு காரியமன்று. மின்சாரம், காடு, நெல்வயல், கரையோரம் ஆகியவற்றைத் தனித்தனியே ஆண்ட திணைக்களங்களின் கணக்குகள் ஒரே ஏட்டில் சேர வேண்டியிருந்தது. முதல் அறிக்கை 2000இல் வெளிவந்தது. 2008இல் காலநிலை மாற்றச் செயலகமும் 2012இல் தேசியக் கொள்கையும் தோன்றின.

இலங்கை 2002இல் இணைந்த கியோட்டோ நெறிமுறையின் போக்கு வேறு. புகையைக் குறைக்கும் திட்டங்களுக்கு அது வெளிநாட்டுப் பணம் வர வழிசெய்தது. சிறு நீர்மின் நிலையங்கள் சில பயன்பெற்றன. நீர் ஏறும் கரைக்கு அதில் விலையில்லை. உலகப் புகையில் இலங்கையின் பங்கு மிகச் சொற்பம் என்பதை நினைந்தால் இதன் முரண் விளங்கும்.

2010ஆம் ஆண்டின் கன்கூன் மகாநாடே இசைவாக்கத்துக்குத் தனித் திட்டம் வகுக்கும் வழியைத் திறந்தது. அவ்வழியில் எழுந்த இலங்கையின் திட்டம் 2016 முதல் 2025 வரைக்குரியது. உணவு, நீர்வளம், கரையோரம் ஆகியன அதில் இடம்பெற்றன. கண்டற்காடுகளின் மதிப்பும் உயர்ந்தது. இறால் பண்ணைகளுக்காக வாவியோரத்தில் வெட்டப்பட்ட கண்டல், புயலைத் தடுப்பதோடு கரியையும் மண்ணில் தேக்கிவைக்கின்றது என்பது உலக அரங்கில் அதற்கு வழக்கறிஞரைத் தேடித் தந்தது எனலாம். 2015இல் நாட்டின் கண்டற்காடுகள் யாவற்றையும் காக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது.

பரிஸ் உடன்படிக்கையை இலங்கை 2016 செப்ரெம்பரில் ஏற்புறுதி செய்தது. 2021இல் திருத்திய வாக்குறுதியின்படி, 2030க்குள் பச்சைவீட்டு வாயு நூற்றுக்கு 14.5 குறைக்கப்படும், அதில் 4 பங்கு சொந்த முயற்சி, 10.5 பங்கு பிறநாட்டு உதவி கிடைத்தால் மட்டுமே. அடுத்த ஆண்டே நாடு வெளிக்கடன் செலுத்துவதை நிறுத்தியது. கரையோரத்துக்கான இசைவாக்கமோ இத்தகைய விகிதமெதுவுமின்றிச் செய்யவேண்டிய பணிகளின் நிரலாகவே அவ்வாக்குறுதியில் நின்றது. பாலமீன்மடுவின் மணலை எந்நாளில் வெட்டுவது என்பதை மாரிதோறும் உழவரும் மீனவரும் அதிகாரிகளோடு பேசியே தீர்க்கவேண்டியுள்ளது.