எல்லையோரத்தின் .315: பழைய வேட்டைத் துப்பாக்கி ஒன்றை வாங்குவதற்கு முன்

பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் வட்டாரத்திலோ இடுக்கியின் மறையூர், வட்டவடைப் பகுதியிலோ நிலம் வைத்திருக்கும் தமிழ்க் குடியானவர் ஒருவருக்கு, பழைய வேட்டை ரைஃபிள் ஒன்று விலைக்கு வருகிறது என்று கொள்வோம். தாழ்ப்பாளைத் திறப்பதுபோலக் கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னிழுத்துத் தோட்டாவை ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் வகை. இரவில் தோட்டத்தை உழுதுவிட்டுப் போகும் காட்டுப்பன்றிதான் அவருடைய கவலை. வாங்குவதா, வேண்டாமா? விலையும் குழலின் நிலையும் பற்றிய கேள்வியாகத் தோன்றும் இதற்கான விடையில் பெரும்பகுதி, அவர் பிறப்பதற்கு முன்பே சட்டப் புத்தகங்களில் எழுதப்பட்டுவிட்டது.

துப்பாக்கியின் மீது பொறித்திருக்கும் எண்ணிலிருந்தே தொடங்கலாம். இந்தியாவில் கைமாறும் இத்தகைய ரைஃபிள்களில் பெரும்பாலானவை .315 அளவுடையவை. உலகின் பிற பகுதி வேட்டைக்காரர்களிடம் இந்த அளவு அவ்வளவாகப் புழங்குவதில்லை. இங்கு மட்டும் ஏன்? பிரித்தானிய இந்தியப் படையின் தோட்டா .303. படைக்கிடங்கிலிருந்து களவுபோகும் தோட்டா குடிமக்களின் துப்பாக்கியில் பொருந்திவிடக் கூடாது என்ற அச்சத்தால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த அளவு தனியாருக்கு விலக்கப்பட்டது. இங்கிலாந்தின் துப்பாக்கி உற்பத்தியாளர்கள் எளிய வழி கண்டனர். படைக்குச் செய்த அதே லீ இயக்கமுறையில், ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையின் 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டாவுக்கேற்ற குழலைப் பொருத்தி, .315 என்ற பெயரில் இந்தியச் சந்தைக்கு அனுப்பினர். விடுதலைக்குப் பின் வங்காளத்தின் ஈஷாப்பூர் தொழிற்சாலை அதே அளவைத் தொடர்ந்து செய்தது. .303 இன்றும் குடிமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட அளவே. ஆட்சி மாறியது, அந்த ஆட்சியின் அச்சம் மட்டும் எஃகுக் குழலில் தங்கிவிட்டது.

அச்சம் எல்லோர்மீதும் ஒரே அளவில் இல்லை. 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியரை உரிமத்துக்கு உட்படுத்தியது, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. குடகர்களுக்கும் விலக்கு உண்டு. 1887-இல் சென்னையில் கூடிய மூன்றாம் காங்கிரஸ் மாநாடே இச்சட்டத்தைத் திருத்தக் கோரித் தீர்மானம் போட்டது. எல்லைப்பகுதியில் இது மேலும் சிக்கலானது. பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்திலும், சித்தூரும் நெல்லியாம்பதியும் கொச்சி அரசிலும், தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரிலும் இருந்தன. ஒரே மலைத்தொடரில் மூன்று அதிகாரங்கள்.

மூணாறு மலைகளின் கதை இங்கு இன்றியமையாதது. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். தேயிலைக்குப் பயன்படாத உயர்ந்த புல்வெளிகள் தோட்டத்துரைமாரின் வேட்டைக்களமாயின. 1928 முதல் அவற்றை மேற்பார்த்தது ஹை ரேஞ்ச் கேம் பிரிசர்வேஷன் அசோசியேஷன் என்னும் அவர்களது அமைப்பு. காவலுக்கு அமர்த்தப்பட்டோர் முதுவர்கள். 1971-இல் கேரள அரசு நிலத்தை மீட்டெடுத்தது. 1975-இல் இரவிகுளம் சரணாலயமானது. 1978-இல் தேசியப் பூங்காவானது. வரையாடு பிழைத்ததற்கு அந்த வேட்டைச் சங்கத்துக்குப் பங்கில்லை என்று சொல்வது நேர்மையாகாது. ஆனால் அந்தக் காப்பு யாருக்காக என்ற கேள்வியும் உடன் எழ வேண்டும். துரை சுட்டால் அது விளையாட்டு. அதே சரிவில் மலைக்குடி சுட்டால் அது களவு. தமிழில் ‘வேட்டை’ என்ற ஒரே சொல்லுக்கு முன்னால் ‘கள்ள’ என்ற அடை ஒட்டிக்கொண்டதன் பின்னணியில், விலங்கின் எண்ணிக்கையைவிட மனிதரின் தகுதி பற்றிய கணக்கு பெரிதாக இருந்தது.

(மலையாளத்தில் வேட்டைக்கு வழங்கும் ‘நாயாட்டு’ என்ற சொல்லில் நாய்தான் இருக்கிறது, துப்பாக்கி இல்லை. நாயும் வலையும் கண்ணியும் கொண்டு நடந்த தொழிலுக்குள் துப்பாக்கி வந்தது பிந்தித்தான். ‘துப்பாக்கி’ என்ற சொல்லும் துருக்கிய மூலத்திலிருந்து நம்மிடம் வந்தது.)

விடுதலை பெற்ற நாட்டின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இனப் பாகுபாட்டுக்கு இடம் தரவில்லை. ஆனால் குழல்களுக்கிடையே ஒரு படிநிலையை வைத்தது. அதன் 13-ஆம் பிரிவு, விண்ணப்பதாரர் வேறு வகையில் தகுதியற்றவராக இல்லாவிடில், இரண்டுக்கு உரிமம் வழங்கியே ஆகவேண்டும் என்கிறது. ஒன்று, பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ வேண்டிய, உட்புறம் புரியில்லாத, இருபது அங்குலத்துக்குக் குறையாத குழலுடைய துப்பாக்கி. மற்றொன்று, மெய்யாகவே பயிர்க்காப்புக்கு வேண்டிய, வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. ரைஃபிள் இவ்விரண்டிலும் சேராது. அதைக் கேட்பவர், தமக்கு அது தேவை என்பதற்குத் தக்க காரணம் இருப்பதாக அதிகாரியை நம்பவைக்க வேண்டும். உழவனுக்குச் சட்டம் மனத்தில் வைத்த துப்பாக்கி பதினெட்டாம் நூற்றாண்டினுடையது. எல்லையோரக் குடியானவர் ரைஃபிளின் விலையை விசாரிக்கும் முன் படிக்க வேண்டியது இந்தப் பிரிவைத்தான். பன்னிரண்டு போர் துப்பாக்கிக்கு உரிமம் வைத்திருப்பவர் என்றாலும் அதைக் கொண்டு ரைஃபிளை வாங்கிவிட முடியாது. ரைஃபிளுக்குத் தனியாக அனுமதி வேண்டும்.

பிறகு 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். வேட்டைக்காக ரைஃபிள் வாங்குவது என்பதன் பொருளையே அது மாற்றிவிட்டது. எஞ்சியது 11-ஆம் பிரிவு திறந்துவைத்த சிறு கதவு: உயிருக்கோ, நிற்கும் பயிர் உள்ளிட்ட உடைமைக்கோ கேடு விளைவிக்கும் விலங்கை அனுமதியுடன் சுடலாம். இந்த அனுமதி தரும் அதிகாரத்தை, காட்டுப்பன்றியைப் பொறுத்தவரை, 2022 மே மாதத்தில் கேரள அரசு ஊராட்சித் தலைவர்கள், நகராட்சித் தலைவர்கள், மேயர்கள் கைக்குக் கொண்டுவந்தது. சுடுபவர் உரிமம் பெற்ற துப்பாக்கி உடையவராக இருக்க வேண்டும். நஞ்சும் வெடியும் மின்சாரமும் கூடாது. இறைச்சி யாருக்கும் இல்லை. உடலைப் புதைக்க வேண்டும். யானைக்கும் காட்டெருமைக்கும் இந்த ஆணை பொருந்தாது என்பதை மறையூர்க் கரும்பு விவசாயிகளுக்குச் சொல்லத் தேவையில்லை.

எல்லையைத் தாண்டினால் வேறு விதி. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பன்றியைச் சுடுவது வனத்துறையினர் மட்டுமே. கோவிந்தாபுரத்தில் ஒரு தோப்பும் பொள்ளாச்சிப் பக்கம் இன்னொன்றும் வைத்திருக்கும் குடும்பத்துக்கு, ஒரு தோப்பில் சட்டபூர்வமான தோட்டா மறு தோப்பில் குற்றமாகும். 1956-இல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது தேவிகுளம், பீர்மேடு பற்றி நேசமணியும் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசும் எழுப்பிய மொழிவழிக் கோரிக்கை வரலாற்று நூல்களில் இடம்பெற்றிருக்கிறது. கோடு வேட்டை விதிகளையும் பிரித்ததைப் பற்றி எழுதியவர் குறைவு.

இவ்வளவையும் கடந்து உரிமம் கிடைக்கக்கூடும் என்றால், அப்போதுதான் துப்பாக்கியைக் கையில் எடுக்க வேண்டும். பழைய தோட்டாக்களின் எரிமருந்து விட்டுச்செல்லும் உப்பு ஈரத்தை இழுக்கும். தென்மேற்குப் பருவமழையில் துடைக்காமல் வைத்த குழலுக்குள் அது குழி பறித்துவிடும். வெளியே நீலப்பூச்சு பளபளக்கும். போல்டிலும் உடற்பகுதியிலும் உள்ள எண்கள் ஒத்துப்போகாவிட்டால், போல்ட் வேறொரு துப்பாக்கியிலிருந்து வந்தது. அதன் முகத்துக்கும் தோட்டா அமரும் அறைக்கும் இடையிலான இடைவெளியை அளந்து பார்க்காமல் சுடுவது முகத்துக்கு அருகே வெடியை வைத்துக்கொள்வதற்கு ஒப்பு. .275 ரிக்பி போன்ற புகழ்பெற்ற வெளிநாட்டு அளவுகள் கவர்ச்சியானவை. ஆனால் அவற்றுக்குத் தோட்டா கிடைப்பது அரிது. .315-க்கோ நாட்டிலேயே தோட்டா செய்யப்படுகிறது. தோட்டத்துக்கு வேண்டியவர் பழம்பெருமையை விலைக்கு வாங்குவதில் பொருளில்லை.

விற்பவர் தனியாராக இருந்தால், விற்கும் எண்ணத்தையும் வாங்குபவர் விவரத்தையும் மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல்நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து நாற்பத்தைந்து நாள் காத்திருக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒருவர் வைத்திருக்கக்கூடியவை இரண்டே. கையிலுள்ள பழைய பன்னிரண்டு போரும் தந்தை விட்டுச்சென்ற இன்னொன்றும் இருந்தால், மூன்றாவதற்கு இடமில்லை. இரண்டில் ஒன்றை முதலில் ஒப்படைக்க வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்ததும் எஞ்சியதும் காவல்நிலையத்துக்கோ உரிமம் பெற்ற கடைக்கோ போய்விடும். பன்றிக்குத் தேர்தல் நாள்காட்டி தெரியாது.