இரவில் விழிக்கும் மரங்கள்

பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் கிரிவலம் வந்துகொண்டிருந்தேன். உடன் நடந்த நண்பர் ஓவியர். தூரிகையைத் தொடாமல் கணிப்பொறித் திரையிலேயே படம் தீட்டுகிறவர். இருவரும் சேர்ந்து கையாலேயே ஒரு புத்தகம் செய்யவேண்டும் என்பது அவர் ஆசை. நான் பிடிகொடுக்கவில்லை.

காரணம் பழைய மனக்கசப்பு. என் தொடர்கதை ஒன்றில் வந்த கைம்பெண்ணுக்கு, படம் வரைந்தவர் தலை நிறையப் பூ வைத்துவிட்டார். பாவம், அவர் கதையைப் படித்திருக்கவில்லை. எழுதுகிறவனும் வரைகிறவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே ஒரு பக்கத்தில் குடித்தனம் நடத்தினால் வேறென்ன நடக்கும்?

பாதையோரத்து மரங்களைக் காட்டி நண்பர் கேட்டார்: "பகலெல்லாம் நிழல் தருகின்றன. இரவில் என்னதான் செய்யும், ஸார்?"

அந்தக் கேள்விக்கென்றே ஒரு புத்தகம் இருக்கிறது. அதன் கதையைச் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

மத்தியப் பிரதேசத்துக் கோண்டுப் பழங்குடியினர் வீட்டு மண்சுவரில் சித்திரம் எழுதி வந்தவர்கள். 1982-இல் போபாலில் பாரத பவன் என்ற கலைக்கூடம் எழுந்தது. அதில் கலைப் பிரிவை உருவாக்கிய ஓவியர் ஜே. சுவாமிநாதன், சிம்லாவில் பிறந்த தமிழர். பட்டங்கர் என்னும் சிற்றூரின் இளைஞர் ஜங்கர் சிங் ஷ்யாமின் திறமையை உலகறியச் செய்தவர் அவரே. சுவரிலிருந்த சித்திரம் காகிதத்துக்கு வந்தது. ஜங்கரின் வழியில் வந்தவர்களில் ஒருவர் பஜ்ஜு ஷ்யாம். அதற்குமுன் அவர் பார்த்த வேலை, இரவுக் காவல்!

சென்னையில் கீதா உல்ஃப் 1994-இல் தொடங்கிய தாரா பதிப்பகம், பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி ஆகிய மூவரையும் மரங்களை வரையச் செய்தது. பகலில் உழைத்த மரங்கள் இரவில்தான் தம் உண்மை வடிவைக் காட்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. அவர்கள் வாய்மொழியாகச் சொன்னதைக் கீதா உல்ஃபும் சிரீஷ் ராவும் கேட்டுச் சில வரிகளாக எழுதினார்கள்.

2006-இல் வெளிவந்தது 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்'. பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்கிச் செய்த கறுப்புக் காகிதம். அதன்மேல் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே கையால் அச்சிட வேண்டும். ஒரு நிறம் காய்ந்த பிறகுதான் அடுத்தது. பிறகு நூலால் தைத்து, பிரதிக்குப் பிரதி எண் இடுகிறார்கள். 2008-இல் இத்தாலியின் பொலோன்யா புத்தகக் கண்காட்சி அதற்குப் பரிசளித்தது. பஜ்ஜு ஷ்யாமுக்கு 2018-இலும் துர்கா பாய்க்கு 2022-இலும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

என்னை உறுத்தியது பரிசல்ல. அந்தப் புத்தகத்தில் ஆசிரியர்களாக முன்னிற்பவர்கள் ஓவியர்கள் மூவரும்தான். எழுதியவர்கள் பின்னால் ஒதுங்கி நின்றார்கள். முப்பது அத்தியாயம் எழுதிவிட்டுப் படத்துக்கு ஒரு மூலையை ஒதுக்கும் என் சாதிக்கு அது எளிதான காரியமா? பூ வைத்த அந்த ஓவியரிடம் நான்தான் ஒருநாளாவது போய்ப் பேசினேனா?

ஈசானிய லிங்கத்தை நெருங்கியபோது நண்பர் மறுபடியும் கேட்டார்: "கதையை எப்போது தருவீர்கள்?"

"முதலில் நீங்கள் வரையுங்கள். பார்த்துவிட்டு, நீங்கள் சொல்வதையும் கேட்டுவிட்டு நான் எழுதுகிறேன்" என்றேன்.