மதனகாமராஜன் லயத்துக்கு வந்த கதை



சரித்திரம் என்றால் அரசர்களும் போர்களும் ஆண்டுகளும்தான் என்று நாம் பள்ளியில் படித்தோம். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு கதைப் புத்தகத்தின் சரித்திரம். இன்னும் சரியாகச் சொன்னால், அதைக் கேட்டு மகிழ்ந்தவர்களின் சரித்திரம். புத்தகத்தின் பெயர் 'மதனகாமராஜன் கதை'. உங்களில் வயதானவர்கள் இந்நேரம் புன்னகை செய்திருப்பீர்கள். இளையவர்களுக்கு 1990இல் வந்த கமல்ஹாசன் படத்தின் பெயர் நினைவுக்கு வரலாம்.

அழகியைக் கண்டு காதல் நோயில் விழுந்த ஓர் இளவரசன். அவனுக்கு உயிர்த் துணையாக ஒரு மந்திரி மகன். அந்த மந்திரி மகன் சொல்லும் பன்னிரண்டு கதைகள். இதுதான் புத்தகம். உள்ளே நுழைந்தால் நாகராஜன் கொடுத்த மோதிரம் கேட்டதையெல்லாம் தரும். பூனை நன்றி மறவாமல் எசமானனுக்கு உதவும். ஆற்றில் மிதந்து வந்த ஒரு கூந்தல் இழையைப் பார்த்தே ஒருவன் மயங்கிவிடுவான். நடேச சாஸ்திரி இக்கதைகளை 1886இல் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். ஜெமினி நிறுவனம் 1941இல் திரைப்படமாக்கியது. ஆனால் நம்மவர்களுக்கு இதைக் கொண்டுவந்து சேர்த்தது ஆங்கிலமும் அல்ல, சினிமாவும் அல்ல. 'பெரிய எழுத்து'ப் புத்தகம்.

பெரிய எழுத்து என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். மட்டமான தாள், தடித்த பெரிய அச்சு, நடுநடுவே கோட்டுப் படங்கள், குறைந்த விலை. மங்கிய விளக்கிலும் படிக்கலாம். எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் படிக்கலாம். சென்னையில் இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போன்ற பதிப்பாளர்கள் விக்கிரமாதித்தன் கதை, நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை என்று இப்படி அச்சிட்டு விற்றார்கள். ரஜுலா கப்பலில் வந்திறங்கியவர்களின் தகரப் பெட்டிகளில் துணிமணிகளுக்கு நடுவே இவையும் வந்தன.

என் பாட்டி குளுவாங் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். கூட்டு மலாய் மாநிலங்களில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளிகள் அமைக்க வழி செய்தது. ஜொகூரிலும் தோட்டப் பள்ளிகள் எழுந்தன. ஆனால் பள்ளி இருந்தது வேறு, பெண் பிள்ளை அங்கே போனது வேறு. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவேண்டும், கொஞ்சம் வளர்ந்ததும் ஒட்டுப்பால் பொறுக்கவேண்டும். பாட்டிக்கு ஓர் எழுத்தும் தெரியாது.

அப்புறம் அவசர காலம் வந்தது. 1948 ஜூன் மாதம் பிரகடனம்; 1950இல் பிரிக்ஸ் திட்டம். அத்திட்டம் முதன்முதலில் நடைமுறைக்கு வந்ததே நம் ஜொகூரில்தான். சிதறிக் கிடந்த லயங்களைப் பிரித்து, ஆட்களை ஒரே இடத்தில் கூட்டி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டார்கள். பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. பல இடங்களில் மரக்காட்டுக்குச் சோறு கொண்டுபோவதற்கும் தடை. காட்டிலிருப்பவர்களுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்பது அரசாங்கத்தின் கணக்கு. காலையிலிருந்து வெறும் வயிற்றோடு மரம் வெட்டியவர்களின் கணக்கை யார் எழுதினார்கள்?

அந்த நீண்ட இரவுகளில்தான் மதனகாமராஜன் வந்தான். ஸ்டோரில் வேலை செய்த ஒரு கிழவர், 'புத்தகத் தாத்தா' என்று எல்லாரும் அழைப்பார்களாம், அஞ்சடியில் விளக்கை வைத்துக்கொண்டு ராகம் போட்டுப் படிப்பார். விளக்குக்கு எண்ணெய் முறை வைத்து ஒவ்வொரு வீட்டார் கொடுக்கவேண்டும். கேட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. இளவரசன் காதல் நோயால் கட்டிலில் சாய்ந்தான் என்றதும் பாட்டி சொன்னாராம்: "அவனுக்கென்ன, படுத்துக்கிட்டான். நாம படுத்தா அன்னிக்குச் சம்பளம் இல்லை." ஒரே சிரிப்பு. ஆனாலும் மறுநாள் பெரட்டுக்குப் போகும்போது, அந்த இளவரசி என்ன ஆனாளோ என்பதே பேச்சு.

இதில் ஓர் இடைச்செய்தி. நம் கம்பத்து மலாய் அன்பர்களுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 'ஹிக்காயாட் பாயான் புடிமான்', அறிவுள்ள கிளியின் கதை. வணிகன் கடல் கடந்து போகிறான். தனித்திருக்கும் இளம் மனைவி வேறொருவனை நாடி வாசற்படி தாண்டப் பார்க்கும்போதெல்லாம் கிளி ஒரு கதை சொல்லி நிறுத்திவிடுகிறது. இதன் வேர் வடமொழியின் எழுபது கிளிக்கதை. பாரசீகம் வழியாக வந்து 1371இல் மலாயில் எழுதப்பட்டதாகச் சொல்வர். மலாக்காவில் முன்ஷி அப்துல்லா 1835இல் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்தே மலாயாக்கினார். வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இரவில் கேட்டது ஏறக்குறைய ஒரே குடும்பத்துக் கதைகள்தாம்.

ஏழாவது கதை நடக்கும்போது புத்தகத் தாத்தாவை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். லாரி ஏறுமுன் அவர் புத்தகத்தைப் பாட்டியிடம் கொடுத்து, "எண்ணெய் தவறாம கொடுத்தவ நீதான், வச்சுக்கம்மா" என்றாராம். இப்போது கதை வீட்டிலேயே இருக்கிறது. முடிவும் அதற்குள்ளேயே இருக்கிறது. திறந்து பார்க்க வழியில்லை. என் தாத்தாவுக்குக் கையெழுத்துப் போட மட்டுமே தெரியும். தோட்டப் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படித்த என் தந்தை எழுத்துக் கூட்டுவார். அவரை உட்கார வைத்துப் படிக்கச் சொன்னார் பாட்டி. இளவரசியின் இடை வருணனை வந்தது. பிள்ளை "இ... டை... இடைன்னா என்னம்மா?" என்று கேட்க, பாட்டி புத்தகத்தைப் பிடுங்கி வைத்துவிட்டார். எட்டு வயதுப் பையன் தாய்க்குக் காதல் கதை படிப்பதா! "எனக்கு எழுத்தை மட்டும் காட்டு, மிச்சத்தை நானே பார்த்துக்கறேன்" என்றாராம்.

இங்கே என் பிழையையும் சொல்லவேண்டும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தபோது ஒரு கட்டுரையில், மாயமும் மந்திரமும் நிறைந்த இத்தகைய காதல் கதைகள் அறிவை மழுங்கச் செய்பவை என்று எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். பாட்டியின் கதை வீட்டிலேயே இருந்தும் அதை நான் சரித்திரமாக எண்ணவில்லை. இந்தப் புத்தகத்தில் குறை இல்லை என்று இன்றும் சொல்லமாட்டேன். அதிலுள்ள பெண்கள் பலர் அழகுப் பதுமைகள், அல்லது வஞ்சகிகள். ஆனால் அரிச்சுவடி நெடுங்காலம் தொங்கிக்கொண்டிருந்த வீட்டில், எழுத்தின்மேல் பசியை உண்டாக்கியது அரிச்சுவடி அல்ல.

அடுப்படிச் சுவரில் கரியால் எழுதி எழுதிப் பாட்டி கற்றார். எட்டாவது கதையைத் தொட ஓராண்டுக்கு மேல் ஆயிற்றாம். ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம். பன்னிரண்டாவது கதை முடிந்த அன்று யாரிடமும் சொல்லாமல் மறுபடி முதல் பக்கத்தைத் திருப்பினாராம்.

அதற்குப் பிறகு ஒரு காரியம் நடந்தது. அதுவரை ஊரிலிருந்து கடிதம் வந்தால் ஆபீசுக்குப் போய்க் கிராணியிடம்தான் கொடுக்கவேண்டும். யார் வீட்டில் கடன், யார் வீட்டில் சாவு, எல்லாம் அங்கே நிற்பவர்கள் காதில் விழும். இனி லயத்துப் பெண்கள் கடிதத்தை முந்தானையில் முடிந்துகொண்டு பாட்டி வீட்டுக்கு வந்தார்கள். பாட்டிக்குப் படிக்கத் தெரிந்தது ஒரே விதம், புத்தகத் தாத்தாவின் ராகம். நிலம் அடகு போனதையும் மாடு செத்ததையும் அதே ராகத்தில் நீட்டி நீட்டிப் படித்தார். "ஏன்டி, என் தம்பி எழுதினதை ராஜகுமாரன் பேசற மாதிரியே படிக்கிறியே" என்று அடுத்த வீட்டு அம்மாள் கோபித்துக்கொண்டாராம். ஆனால் அடுத்த கடிதத்தையும் அவர் பாட்டியிடமே கொண்டுவந்தார்.