கருச்சிதைவு (சொல்)

கருச்சிதைவு என்பது கருப்பையில் வளரும் கரு, தாயின் உடலுக்கு வெளியே உயிர்வாழும் நிலையை அடையும் முன்பே தானாக அழிந்துபோவதைக் குறிக்கும் சொல்லாகும். பேச்சு வழக்கில் "கரு கலைந்துவிட்டது", "அபார்ஷன் ஆகிவிட்டது" என்பர்.

சொல்லமைப்பு

சிதைதல், கலைதல் என்பவை தன்வினை. சிதைத்தல், கலைத்தல் என்பவை பிறவினை. எனவே கருச்சிதைவு தானாக நேர்வது, கருக்கலைப்பு ஒருவர் செய்வது என இன்றைய எழுத்து வழக்கு பிரித்துக் காட்டுகிறது. கனவு கலைதல், கூட்டம் கலைதல், சட்டமன்றம் கலைக்கப்படுதல் ஆகியவற்றிலும் இதே வினை வருகிறது. மாடு சினை கலைவதைக் கன்று வீசுதல் என்றும், மாவில் காய் பிடிக்காமல் போவதைப் பிஞ்சு உதிர்தல் என்றும் கூறுவர். ஆங்கிலத்தின் 'மிஸ்கேரேஜ்' நீதி தவறுவதையும் குறிக்கும். தமிழ்ச் சொல்லுக்கு அப்பொருள் இல்லை.

இலக்கியத்தில்

புறநானூற்றின் 34ஆம் பாடலில், கிள்ளிவளவனைப் பாடிய ஆலத்தூர் கிழார், மகளிரின் கருவைச் சிதைத்தவர்களைப் பெரும் பாவம் செய்தோர் வரிசையில் வைக்கிறார். அவர்களுக்கும் கழுவாய் உண்டு, நன்றி கொன்றோர்க்கு இல்லை என்பது பாடலின் கருத்து. இங்கு 'சிதை' பிறவினையாக, பிறர் செய்யும் கொடுமையைச் சுட்டுகிறது. அதே சொல் பிற்காலத்தில் தன்வினைப் பெயராகி, இழப்பைச் சுட்டலாயிற்று.

சட்டத்தில்

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், பிரிவு 312இல், பெண்ணின் உயிரைக் காக்கும் நல்லெண்ணமின்றிக் கருச்சிதைவை விளைவித்தலைக் குற்றமாக்கியது. தன் கருவைத் தானே கலைக்கும் பெண்ணும் இதில் அடங்கினார். 1971இல் இயற்றப்பட்டு 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம், குறித்த நிபந்தனைகளுடன் அதற்கு விலக்களித்தது. 2021 திருத்தம் சில வகைப் பெண்களுக்கான வரம்பை 24 வாரங்களாக உயர்த்தியது.

தருமபுரி வட்டாரத்தில்

பாப்பிரெட்டிப்பட்டி உள்ளிட்ட தருமபுரி மாவட்டம், பெண் சிசுக்கொலை பற்றிய விவாதங்களில் நெடுங்காலம் இடம்பெற்றது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் இம்மாவட்டத்திற்கும் விரிவாக்கப்பட்டது. கருவின் பாலினத்தைக் கண்டறிந்து வெளியிடுவதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பாலினம் அறிந்து கலைப்பதைக் குறிக்கப் 'பெண் கருக்கொலை' என்ற சொல் பரவியது.

வழக்குச் சிக்கல்

மருத்துவத்தில் 'அபார்ஷன்' என்பது தானாக நேர்வதற்கும் செய்யப்படுவதற்கும் பொதுப்பெயர். மருத்துவச் சீட்டில் அச்சொல்லைக் காண்போர், கருவை இழந்த பெண்ணே அதைக் கலைத்ததாகப் பொருள் கொள்ள இடமுண்டு. கருச்சிதைவு, கருக்கலைப்பு என்ற வேறுபாடு அந்தப் பழியைத் தவிர்க்க உதவுகிறது.