இயல்பிருப்பு நேர வலயம்

இயல்பிருப்பு நேர வலயம் என்பது, நிரலில் நேர வலயம் எதுவும் குறிப்பிடப்படாதபோது நாள்-நேர நிரலகம் தானாகவே எடுத்துக்கொள்ளும் நேர வலயம் ஆகும். இது பெரும்பாலும் நிரல் இயங்கும் கணினியின் அமைப்பிலிருந்து பெறப்படுகிறது. எனவே ஒரே நிரல், ஒரே தரவைக் கொண்டு வெவ்வேறு கணினிகளில் வெவ்வேறு நாளைக் காட்டக்கூடும்.

நிரல் மொழிகளில்

• ஜாவா: மெய்நிகர் இயந்திரம் இயங்குதளத்தின் அமைப்பைப் பயன்படுத்துகிறது. நிரலின் ஒரு பகுதி இதனை மாற்றினால், அதே இயந்திரத்தில் இயங்கும் பிற பகுதிகளும் பாதிக்கப்படும்.
• பி.எச்.பி: 5.4 பதிப்பு முதல் இயங்குதளத்தின் வலயம் ஊகிக்கப்படுவதில்லை. வலயம் அமைக்கப்படாவிட்டால் ஒருங்கிணைந்த அனைத்துலக நேரம் (ஒ.அ.நே) கொள்ளப்படும்.
• பைத்தான்: வலயம் தராமல் தற்போதைய நேரத்தைக் கேட்டால், உள்ளூர் நேரம் வலயக் குறிப்பின்றிக் கிடைக்கும்.

நாள் மாறும் சிக்கல்

இந்திய சீர் நேரம் ஒ.அ.நேரத்தை விட 5 மணி 30 நிமிடம் முந்தியது. இரவுப் பணிமுறை உள்ள தொழிற்சாலைகளில் இவ்வேறுபாடு முக்கியமானது. எடுத்துக்காட்டாக, திருப்பெரும்புதூர்–ஒரகடம் பகுதியிலுள்ள ஓர் ஆலையில் ஆகத்து 15 அதிகாலை 2:00 மணிக்கு ஓர் உதிரிப்பாகம் பதிவு செய்யப்படுவதாகக் கொள்வோம். வழங்கியின் இயல்பிருப்பு வலயம் ஒ.அ.நே எனில், அது ஆகத்து 14, இரவு 8:30 எனப் பதிவாகும். நள்ளிரவு முதல் அதிகாலை 5:30 வரையிலான உற்பத்தி முழுவதும் முந்தைய நாளின் கணக்கில் சேரும். மாறாக, வழங்கி கொரிய அல்லது யப்பானிய நேரத்தில் (ஒ.அ.நே+9) இருந்தால், இரவு 8:30 மணிக்குப் பிந்தைய உற்பத்தி மறுநாளுக்குச் செல்லும். பழுதுள்ள தொகுதியை உற்பத்தி நாளைக் கொண்டு திரும்பப் பெறும்போது, இப்பிழையால் தவறான பாகங்கள் தேர்ந்தெடுக்கப்படலாம்.

வலயப் பெயரின் தேவை

நேர வேறுபாட்டை எண்ணாக மட்டும் சேமிப்பது போதாது. இலங்கை 1996 மே 25 அன்று 5:30 இலிருந்து 6:30 இற்கும், அதே ஆண்டு அக்டோபர் 26 அன்று 6:00 இற்கும், 2006 ஏப்ரல் 15 அன்று மீண்டும் 5:30 இற்கும் மாறியது. இம்மாற்றங்கள் நேர வலயத் தரவுத்தளத்தில் 'ஆசியா/கொழும்பு' என்ற பெயரின் கீழ் உள்ளன. 'ஆசியா/கொல்கத்தா' வலயத்தில் 1906க்கு முந்தைய ஆண்டுகளுக்கு சென்னை நேரமான 5:21:10 பதிவாகியுள்ளது. 'ஐ.எஸ்.டி' என்ற சுருக்கம் இந்தியா, இசுரேல், அயர்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் நேரத்தையும் குறிப்பதால், அதனை வலயப் பெயராகப் பயன்படுத்துவது பொருந்தாது.

பரிந்துரைக்கப்படும் முறைகள்

• நடந்து முடிந்த நிகழ்வுகளை ஒ.அ.நேரத்தில் சேமித்தல், காட்டும்போதும் நாள்வாரியாகத் தொகுக்கும்போதும் வலயப் பெயரை வெளிப்படையாகத் தருதல்.
• வருங்கால நிகழ்வுகளுக்கு உள்ளூர் நேரத்தையும் வலயப் பெயரையும் சேர்த்துச் சேமித்தல். இடையில் அரசு நேரத்தை மாற்றினாலும் நிகழ்வு உரிய மணியிலேயே இருக்கும்.
• பிறந்த நாள் போன்ற, நேரமற்ற நாட்களை நாளாக மட்டுமே சேமித்தல்.
• இயல்பிருப்பு வலயத்தை மாற்றி மாற்றி நிரலைச் சோதித்தல்.

இவற்றையும் பார்க்க

• இந்திய சீர் நேரம்
• சென்னை நேரம்
• ஒருங்கிணைந்த அனைத்துலக நேரம்