முயலுக்குக் கருத்தடை: மருத்துவரைத் தேர்ந்தெடுப்பதும் வீட்டில் தயாராவதும்

பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று பிராணிகள் கடையில் ஒரு ஜோடி முயல் வாங்கி வருகிறோம். "ரெண்டும் பொண்ணுதான்" என்று கடைக்காரர் சொல்லி அனுப்புகிறார். குட்டிப் பருவத்தில் முயல் ஆணா பெண்ணா என்று பிரித்தறிவது கடினம். அதனால் அந்தச் சொல் பல வேளைகளில் பொய்த்துவிடும். முயலின் சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள். குட்டி ஈன்ற அன்றே தாய் முயல் மறுபடியும் சினையாக முடியும். ஐந்தாறு மாதத்தில் கூண்டு நிரம்பிவிடும். அதன் பிறகு குட்டிகளை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் வீட்டார் திண்டாட வேண்டியிருக்கும்.

இதற்கு வழி கருத்தடை அறுவை சிகிச்சை. நாய், பூனைக்குச் செய்வது போலத்தானே என்று நினைத்துக் கிளம்புவோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பூனைக்குப் பொருந்தும் சில விதிகள் முயலின் உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரைத் தேர்ந்தெடுப்பதிலும் அறுவைக்கு முன்னும் பின்னும் வீட்டில் கவனிப்பதிலும்தான் பாதிப் பாதுகாப்பு இருக்கிறது.

ஏன் செய்ய வேண்டும்?

குட்டிகளைத் தவிர்ப்பது ஒரு காரணம் மட்டுமே. கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு வயது ஏற ஏறக் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிக அதிகம். நான்கு வயதைக் கடந்த பெண் முயல்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் இந்நோயைக் கண்ட ஆய்வுகளும் உண்டு. வீட்டு முயல் எட்டு, பத்து ஆண்டுகள் வாழக்கூடியது என்பதால் இது சிறிய விஷயமன்று.

ஆண் முயலைப் பொறுத்தவரை, சிறுநீரைப் பீய்ச்சி அடிப்பதும் மற்ற முயல்களோடு சண்டையிடுவதும் குறையும். இரண்டு முயல்களை ஒன்றாக வளர்க்க விரும்புவோருக்கு இது பெரிய உதவி.

ஆண் முயலுக்கு மூன்று, நான்கு மாத வயதிலிருந்து செய்யலாம். பெண் முயலுக்குப் பொதுவாக ஐந்து, ஆறு மாதம் ஆகட்டும் என்பார்கள். ஆணுக்குச் செய்வது எளிய அறுவை. பெண்ணுக்கு வயிற்றைத் திறந்து கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்ற வேண்டும். அதனால் பெண் முயலுக்கு மருத்துவரின் அனுபவம் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

எல்லாரும் முயல் மருத்துவர் அல்லர்

தோட்டப்புறத்தில் வளர்ந்த பெரியவர்களுக்கு "மாட்டு டாக்டர்" என்றால் எல்லாப் பிராணிக்கும் அவர்தான். இன்று அப்படியில்லை. நகரத்துக் கிளினிக்குகள் பெரும்பாலும் நாய், பூனைகளையே பார்க்கின்றன. சிலர் மட்டும் முயல், ஆமை, பறவை போன்றவற்றில் தேர்ச்சி பெற்றிருக்கிறார்கள்.

மலேசியாவில் பிராணிகளுக்குச் சிகிச்சை அளிப்பவர் 1974ஆம் ஆண்டுக் கால்நடை மருத்துவர் சட்டத்தின்படி மலேசியக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிந்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் தொழில் சான்றிதழையும் புதுப்பிக்க வேண்டும். சான்றிதழ் கிளினிக் சுவரில் மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பதில் தவறில்லை. அருகில் முயல் பார்ப்பவர் இல்லையென்றால், பக்கத்துக் கிளினிக்கிலேயே யாரிடம் போகலாம் என்று கேட்கலாம். தனக்குப் பழக்கமில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி வேறொருவரைக் காட்டும் மருத்துவர் நல்ல மருத்துவர். செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனையும் முயல்களைப் பார்க்கிறது.

தொலைபேசியில் கேட்க வேண்டியவை

முன்பதிவு செய்வதற்கு முன் இவற்றைக் கேட்கலாம்.

1. முயலுக்கு அறுவை செய்து பழக்கம் உண்டா? மாதத்திற்கு ஏறக்குறைய எத்தனை? பெண் முயல்களுக்கும் செய்கிறீர்களா?

2. முதல் நாள் இரவிலிருந்து பட்டினி போட வேண்டுமா?

3. மயக்கத்தில் இருக்கும்போது மூச்சையும் இதயத்துடிப்பையும் கண்காணிக்கத் தனி ஆள் இருப்பாரா? உடல் குளிராமல் பார்த்துக்கொள்ள ஏற்பாடு உண்டா?

4. வலி மருந்து அங்கேயே கொடுப்பீர்களா? வீட்டுக்கும் தருவீர்களா?

5. சாப்பிடத் தொடங்கிய பிறகுதான் அனுப்புவீர்களா?

6. இரவில் அவசரம் என்றால் யாரை அழைப்பது?

7. சொல்லும் கட்டணத்தில் மயக்க மருந்து, வலி மருந்து, மறுபரிசோதனை எல்லாம் அடங்குமா?

இவற்றில் இரண்டாவது கேள்வியே உரைகல். நாய்க்கும் பூனைக்கும் பட்டினி போடுவது, மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குழாயில் இறங்கிவிடக்கூடாது என்பதற்காக. முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. அதற்குப் பட்டினி தேவையில்லை என்பதோடு கெடுதலும் கூட. முயலின் குடல் இடைவிடாமல் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும். பல மணி நேரம் வயிறு காய்ந்தால் குடல் இயக்கம் நின்று, வாயு சேர்ந்து, உயிரே போகலாம். வாயில் உணவு ஒட்டியிருக்கக்கூடாது என்பதற்காக ஓரிரு மணி நேரம் மட்டும் உணவை எடுத்துவைக்கச் சொல்வது வேறு. "ராத்திரியிலிருந்து ஒன்றும் கொடுக்காதீர்கள்" என்ற பதில் வந்தால், நன்றி சொல்லிவிட்டு வேறு கிளினிக்கைத் தேடுவது நல்லது.

அனுபவம் ஏன் இத்தனை முக்கியம்? பிரிட்டனில் 2008ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், மயக்க மருந்தால் நேர்ந்த மரணம் நாய்களில் 0.17 விழுக்காடு, பூனைகளில் 0.24 விழுக்காடு. முயல்களில் அது 1.39 விழுக்காடாக இருந்தது. ஆரோக்கியமான முயல்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 0.73 விழுக்காடு. நூற்றில் ஒன்றுக்கும் குறைவுதான் என்றாலும் நாயைவிட நான்கு மடங்குக்கு மேல். அதனால்தான் முதலில் உடல்நிலையைச் சோதித்துவிட்டுப் பிறகு அறுவைக்கு நாள் குறிக்க வேண்டும்.

நாள் குறிக்கும் முன்

ஓரிரு வாரத்திற்கு முன்பே ஒருமுறை காட்டி, எடை, பல், மூச்சு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்ல வேண்டும். வயதான முயலுக்கு இரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம். தும்மலோ மூக்கொழுகலோ கழிச்சலோ இருந்தால் அறுவையைத் தள்ளிப்போட வேண்டும். ஆண் முயலோடு ஒரே கூண்டில் இருந்த பெண் முயல் என்றால் அதை மருத்துவரிடம் மறைக்கக்கூடாது.

உணவைத் திடீரென்று மாற்றக்கூடாது. முயலின் முக்கிய உணவு புல்லும் உலர்புல்லும்தான். கேரட்டும் பழமும் எப்போதாவது கொடுக்கும் தின்பண்டம். முயல் எதை எவ்வளவு தின்கிறது, ஒரு நாளைக்கு எவ்வளவு புழுக்கை போடுகிறது என்று இந்த நாள்களில் கவனித்து வைத்தால், அறுவைக்குப் பின் மாற்றம் உடனே தெரியும்.

தீபாவளி, நோன்புப் பெருநாள் வாரங்களைத் தவிர்ப்பது நல்லது. பட்டாசுச் சத்தம் முயலை மிரட்டும். பல கிளினிக்குகள் மூடியிருக்கும். வீட்டாரும் ஊருக்குப் போய்விடுவார்கள். அறுவைக்குப் பின் இரண்டு நாளாவது வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும்.

அறுவை நாள்

காலையில் வழக்கம்போல் புல்லும் தண்ணீரும் கொடுக்கலாம். காற்றோட்டமுள்ள கூடையில் பழைய துண்டு விரித்து, அதன் மேல் புல் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். முயலுக்குப் பிடித்த கீரையையும் தனிப் பையில் கொடுத்தனுப்பினால், மயக்கம் தெளிந்ததும் தெரிந்த வாசனையில் தின்னத் தொடங்கும். நம் வெயில் முயலுக்கு ஆகாது. தோட்டத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணம் என்றால் விடியற்காலையிலேயே கிளம்பி, காரைக் குளிராக வைத்திருக்க வேண்டும். வழியில் சாப்பிட நிறுத்தி, முயலைக் காரிலேயே விட்டுப் போகக்கூடாது.

வீடு திரும்பிய பின்

அமைதியான, நிழலான அறையில் சுத்தமான துண்டின் மேல் விட வேண்டும். மரத்தூள் வேண்டாம், தையலில் ஒட்டும். வெளிக்கூண்டில் விட்டால் ஈ மொய்த்து முட்டையிடும், காயத்தில் புழு வைத்துவிடும். தையல் ஆறும்வரை குளிப்பாட்டக் கூடாது, ஓடியாட விடவும் கூடாது.

அன்றிரவே சிறிதளவாவது தின்ன வேண்டும். மறுநாள் காலைக்குள் புழுக்கை விழ வேண்டும். 12 மணி நேரமாகியும் எதுவும் தின்னவில்லை, புழுக்கை இல்லை, பற்களை நறநறவென்று கடிக்கிறது, மூலையில் கூனி உட்கார்ந்திருக்கிறது என்றால் காலைவரை காத்திருக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும். அவர் சொன்னால் சிரிஞ்சில் கூழ் உணவு ஊட்டலாம்.

கொடுத்தனுப்பிய வலி மருந்தை நாள் முடியும்வரை கொடுக்க வேண்டும். வலியில் இருக்கும் முயல் கத்தாது, சாப்பாட்டை மட்டும் நிறுத்திவிடும். வீட்டில் இருக்கும் மனித மருந்துகளைச் சொந்தமாகக் கொடுக்கக்கூடாது. பிள்ளைகளுக்குக் கொடுத்து மிஞ்சிய அமோக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்தை முயலுக்கு வாய்வழி கொடுத்தால், குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து முயல் இறந்துவிடக்கூடும்.

ஒன்றை மட்டும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆண் முயலுக்கு அறுவை முடிந்த அன்றே கருத்தடை ஆகிவிடாது. நான்கு முதல் ஆறு வாரம்வரை அதனால் பெண் முயலைச் சினையாக்க முடியும். இத்தனை செலவும் சிரமமும் வீணாகாமல் இருக்க, அதுவரை இரண்டையும் தனித்தனிக் கூண்டில் வைக்க வேண்டும். ஒன்றையொன்று மறந்துவிடாதிருக்க, கூண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.